பட்டாளத்துக்குப் போகலாம்; கணக்குப் பார்த்துப் போகலாம்

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்தது. பரீட்சை முடிவும் வந்துவிட்டது. அடுத்தது என்ன?

ஆண்டுதோறும் மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்விதான். "காலேஜில் சேர்த்து விடலாம்" என்கிறார் அப்பா. "மில்லில் ஆள் எடுக்கிறார்களாம்" என்கிறார் மாமா. "நான் பட்டாளத்துக்குப் போகிறேன்" என்கிறான் பையன். உடனே அம்மாவுக்குக் கண் கலங்குகிறது.

அம்மாவின் பயம் இயற்கையானது. பையனின் ஆசையும் நல்ல ஆசைதான். ஆனால் பயத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆசையை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை அளக்காமல் விடலாமா?

பட்டாளத்து வேலை நல்ல வேலையா? நல்ல வேலைதான். ஆனால் தாத்தா காலத்தில் எந்தக் கணக்கில் நல்லதாக இருந்ததோ, அந்தக் கணக்கு இப்போது இல்லை. புதுக் கணக்கைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கு லாபம் உண்டு. பழைய கணக்கை நம்பிப் போகிறவனுக்கு ஏமாற்றம் உண்டு.

பழைய கணக்கு

தமிழர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற படைப்பிரிவு 1758-ஆம் ஆண்டு தொடங்கியது. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய படைப்பிரிவுகளில் அது ஒன்று. அதன் பயிற்சி நிலையம் நம் நீலகிரி மாவட்டத்து வெல்லிங்டனில் இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பெயர் வாங்கிய ஊர் அது.

இந்தக் குடும்பங்கள் எதை நம்பிப் பிள்ளைகளை அனுப்பின? வீரமும் நாட்டுப் பற்றும் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதுதான் பென்ஷன்.

பத்தாவது படித்த பையன் சிப்பாயாகச் சேருவான். 15 ஆண்டு வேலை பார்த்தால் பென்ஷன் உறுதி. நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பலாம். மாதம் பிறந்தால் பணம் வரும். ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கும். கேன்டீனில் சாமான் மலிவாகக் கிடைக்கும். "எக்ஸ் சர்வீஸ்மேன்" என்ற மரியாதையும் அரசு வேலையில் முன்னுரிமையும் கிடைக்கும். ஒரு பையன் பட்டாளத்துக்குப் போனால் ஒரு குடும்பம் கரை ஏறியது.

புதிய கணக்கு

2022-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி மத்திய அரசு அக்னிபத் என்ற திட்டத்தை அறிவித்தது. சிப்பாய், கப்பல்படை மாலுமி, விமானப்படை வீரர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஆள் எடுக்கும் முறை அன்றோடு மாறியது. இப்படிச் சேருகிறவருக்கு அக்னிவீர் என்று பெயர்.

பதினேழரை வயது நிரம்பியவர்கள் சேரலாம். மேல் வயது 21 என்று 2022-இல் அறிவித்தார்கள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வேலை மொத்தம் 4 ஆண்டு. பயிற்சிக் காலமும் அதற்குள் அடங்கும். 4 ஆண்டு முடிந்ததும், அதிகம் போனால் 100-க்கு 25 பேரை மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது 2022-ஆம் ஆண்டு விதி. மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

சம்பளம் எவ்வளவு? முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேமிப்பு நிதிக்குப் போகும். இரண்டாம் ஆண்டு 33,000, கைக்கு 23,100. மூன்றாம் ஆண்டு 36,500, கைக்கு 25,550. நான்காம் ஆண்டு 40,000, கைக்கு 28,000.

கைக்கு வருவதைக் கூட்டிப் பார்த்தால், 4 ஆண்டில் 11 லட்சத்து 71 ஆயிரத்து 800 ரூபாய். சேமிப்புக்குப் போனது 5 லட்சத்து 2 ஆயிரத்து 200 ரூபாய். அதே அளவு பணத்தை அரசும் போடுகிறது. வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும் என்று 2022-இல் அரசு கணக்குச் சொன்னது. இதற்கு வருமான வரி கிடையாது. இந்த நிதிக்குச் "சேவா நிதி" என்று பெயர்.

என்ன லாபம்?

18 வயதுப் பையனுக்கு இது சிறிய பணம் அல்ல. சாப்பாடும் இருப்பிடமும் உடுப்பும் படையே கொடுக்கிறது. வேலையில் இருக்கும் வரை வைத்தியமும் உண்டு. ஆண்டுக்கு 30 நாள் லீவு உண்டு. கட்டுச் செட்டாக இருந்தால் கைக்கு வரும் சம்பளத்திலேயே பெரும் பகுதியை வீட்டுக்கு அனுப்பலாம்.

பணம் மட்டுமா லாபம்? இல்லை. விடியும் முன் எழுந்திருக்கும் பழக்கம் வருகிறது. உடம்பு உரம் பெறுகிறது. காஷ்மீரத்துக்காரனோடும் அஸ்ஸாம்காரனோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இந்தி பேசக் கற்றுக்கொள்கிறான். வண்டி ஓட்டுதல், ஒயர்லெஸ், மின்சாரம், எந்திரம் என்று பிரிவுக்குத் தக்கபடி ஒரு தொழிலும் கைக்கு வருகிறது.

படிப்பும் நின்று போக வேண்டியதில்லை. பத்தாவதோடு சேர்ந்த அக்னிவீர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற ஏற்பாடு இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். அந்தப் பட்டத்துக்கு வேண்டிய மதிப்பில் பாதி, படையில் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாடம் படிக்க வேண்டும்.

22 வயதில் கையில் ஒரு பட்டம், வங்கியில் ஒரு தொகை, உடம்பில் உரம். இதை நல்ல தொடக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எது கிடையாது?

இனிப்பைச் சொன்ன வாய் கசப்பையும் சொல்ல வேண்டும்.

4 ஆண்டில் திரும்பி வரும் அக்னிவீருக்குப் பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. கேன்டீன் கிடையாது. முன்னாள் ராணுவத்தினருக்கு உள்ள வைத்தியத் திட்டம் கிடையாது. "எக்ஸ் சர்வீஸ்மேன்" என்ற தகுதியும் கிடையாது. நடுவில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி விலகி வரவும் வழி இல்லை. மிக விசேஷமான காரணம் இருந்தால்தான் அனுமதிப்பார்கள்.

மத்தியப் போலீஸ் படைகளிலும் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையிலும் 100-க்கு 10 இடம் அக்னிவீர்களுக்கு ஒதுக்கப்படும் என்று 2022-இல் மத்திய உள்துறை அறிவித்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒதுக்கீடு வேறு, வேலை வேறு. ஒதுக்கீடு என்பது கதவு. உள்ளே போக அவரவர்தான் நடக்க வேண்டும்.

ஆகவே, "பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், இனி ஆயுள் முழுவதும் கவலை இல்லை" என்று எந்தக் குடும்பமும் நினைக்கக் கூடாது. அந்த நினைப்பில் கடன் வாங்கி வீடு கட்டக் கூடாது. அதைக் காட்டிப் பெண் பேசவும் கூடாது. நாலில் மூன்று பேர் திரும்பி வருவார்கள் என்று விதி சொல்லும்போது, நம் பையன் அந்த மூவரில் ஒருவனாக இருப்பான் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நிரந்தர வேலை கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

உயிர்ப் பயம்

அம்மாவின் கண்ணீருக்கும் பதில் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் ஆபத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய்.

2020-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹவில்தார் பழனி. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரில் பிறந்தவர். அவருடைய மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. 2014-இல் காஷ்மீரத்தில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா கிடைத்தது. 1987-இல் இலங்கையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. விருதுகள் பெரியவைதான். வீட்டில் காலியான இடமும் பெரியதுதான்.

அக்னிவீருக்கு 48 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு. இதற்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு மேலும் 44 லட்சம் ரூபாய் கொடுப்பதாகத் திட்டம் சொல்கிறது. மீதி மாதங்களின் சம்பளமும் சேவா நிதியும் சேரும். ஆனால் வழக்கமான குடும்பப் பென்ஷன் கிடையாது. இதையும் தெரிந்துகொண்டுதான் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பையனுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் படித்துப் பார்த்துப் போடுங்கள்.

முதலில் பெரிய கதவு

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை.

பட்டாளத்துக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று சிப்பாய் கதவு. மற்றொன்று அதிகாரி கதவு. பள்ளிப் படிப்பு முடிந்த உடனேயே அதிகாரி கதவையும் தட்டலாம். அதற்குக் காலேஜ் பட்டம் தேவை இல்லை.

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரத்துக்கு அருகே கடக்வாஸ்லா என்ற இடத்தில் தேசிய ராணுவ அகாடமி இருக்கிறது. என்.டி.ஏ. என்பார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே இதற்குத் தேர்வு எழுதலாம். பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம். மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தேர்வை நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடங்கள். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் இல்லை.

தரைப்படைக்கு எந்தப் பாடம் எடுத்துப் படித்திருந்தாலும் சரி. விமானப்படைக்கும் கடற்படைக்கும் பௌதிகம், ரசாயனம், கணக்கு படித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 300 மதிப்பெண், பொது அறிவுத் தாளுக்கு 600 மதிப்பெண். அதில் தேறினால் 5 நாள் நேர்முகத் தேர்வு. அதற்கும் 900 மதிப்பெண்.

தேர்வானால் 3 ஆண்டு கடக்வாஸ்லாவில் படிப்பும் பயிற்சியும். பட்டமும் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படைக்கும் உரிய அகாடமியில் மேற்பயிற்சி. படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. வெளியே வரும்போது லெப்டினன்ட். 7-ஆவது சம்பளக் கமிஷன் கணக்குப்படி அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ராணுவச் சேவைச் சம்பளம் 15,500 ரூபாய் தனி. 20 ஆண்டு பணி செய்தால் பென்ஷனும் உண்டு.

வேறு வழிகளும் உண்டு. பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், கணக்குப் பாடங்களில் 100-க்கு 60 வாங்கி, ஜே.இ.இ. மெயின் தேர்வும் எழுதியவர்கள் தரைப்படையின் தொழில்நுட்பப் பிரிவு நுழைவுக்கு மனுப் போடலாம். பயிற்சியிலேயே இன்ஜினியரிங் பட்டம் கிடைக்கும். இந்த வழிகள் எல்லாம் பத்தாவதோடு நின்றவனுக்கு இல்லை.

அதனால்தான் சொல்வது: பத்தாவது முடித்த கையோடு பையனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். வீட்டில் கஞ்சிக்கு வழி இருந்தால் இரண்டு ஆண்டு பொறுத்து பிளஸ் டூ முடிக்க வையுங்கள். முதலில் பெரிய கதவைத் தட்டட்டும். அது திறக்காவிட்டால் சின்னக் கதவு எங்கும் போய்விடாது. வயது இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கும் உண்டு

"பட்டாளம் என்றால் ஆண் பிள்ளைக்குத்தானே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலம் மாறிவிட்டது. 2021-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட பிறகு பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதுகிறார்கள். 2022-இல் முதல் அணிப் பெண்கள் உள்ளே போனார்கள். 2025-ஆம் ஆண்டு மே மாதம் அவர்களில் 17 பேர் ஆண்களோடு அணிவகுத்து வெளியே வந்தார்கள்.

அக்னிவீர் வேலையிலும் பெண்களுக்கு இடம் உண்டு. உயிரியல் படித்த பெண்கள் நீட் தேர்வு மூலம் ராணுவ நர்சிங் படிப்பில் சேரலாம். 4 ஆண்டுப் படிப்புக்குப் பின் அவர்கள் அதிகாரிகளாகவே பணியில் சேருகிறார்கள்.

தமிழில் ஏன் இல்லை?

இங்கே அரசுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

2025-ஆம் ஆண்டு தரைப்படையின் அக்னிவீர் எழுத்துத் தேர்வு 13 மொழிகளில் நடந்தது. தமிழும் அதில் ஒன்று. மத்தியப் போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வும் 2024 முதல் தமிழில் நடக்கிறது. இவை பாராட்ட வேண்டிய காரியங்கள்.

ஆனால் என்.டி.ஏ. தேர்வுத் தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வருகிறது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன் தன் தாய்மொழியில் கணக்குக் கேள்வியைப் படிக்கலாம். ராமநாதபுரத்துப் பையன் படிக்க முடியாது. சிப்பாய் ஆகத் தமிழ் போதும், அதிகாரி ஆகத் தமிழ் போதாது என்றால் அது என்ன நியாயம்?

அதிகாரிக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்பது சரி. அதற்கென்று பொது அறிவுத் தாளிலேயே 200 மதிப்பெண்ணுக்கு இங்கிலீஷ் கேள்விகள் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும். கணக்கையும் விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் தமிழிலும் கொடுப்பதில் என்ன தடை? இதைத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் டெல்லியில் கேட்க வேண்டும்.

மாநில அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு என்.டி.ஏ. பற்றி ஆறாம் வகுப்பிலேயே தெரியும். சாதாரண அரசுப் பள்ளி மாணவனுக்குப் பிளஸ் டூ முடியும் வரை அந்தப் பெயரே காதில் விழுவதில்லை. மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது மாலை நேர என்.டி.ஏ. வகுப்பு வைத்தால், பத்து ஆண்டில் எத்தனை தமிழ் அதிகாரிகள் வருவார்கள்!

என்ன செய்ய வேண்டும்?

பட்டாள ஆசை உள்ள பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்யட்டும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேரட்டும். அந்தச் சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. தினமும் காலையில் ஓடட்டும். 1,600 மீட்டர் தூரத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். கம்பியைப் பிடித்துத் தொங்கி 10 தடவை உடம்பை மேலே தூக்க வேண்டும். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இவை ஒரு மாதத்தில் வருபவை அல்ல. கண், காது, பல் மூன்றையும் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது. எல்லாவற்றிலும் தேறிவிட்டு ஒரு சொத்தைப் பல்லால் தவிக்கக் கூடாது.

ஒரு காசும் யாருக்கும் கொடுக்காதீர்கள். "எனக்குப் பெரிய அதிகாரியைத் தெரியும். 3 லட்சம் கொடுங்கள், வேலை வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவன் மோசக்காரன். தேர்வுக் கட்டணத்தைத் தவிர பட்டாளத்தில் சேர வேறு பணம் இல்லை. சந்தேகம் இருந்தால் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி நகரங்களில் உள்ள ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கேட்கலாம். தன் மாவட்டத்துக்கு எந்த அலுவலகம் என்பதைத் தரைப்படையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

அக்னிவீராகச் சேருகிறவன் ரயில் ஏறும் முன்பே மூன்று காரியங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, 4 ஆண்டுக்குள் எந்தப் படிப்பை முடிப்பது? இரண்டு, எந்தத் தொழிலைக் கற்பது? மூன்று, சேவா நிதிப் பணத்தை என்ன செய்வது? அந்தப் பணம் கல்யாணச் செலவிலோ மோட்டார் சைக்கிளிலோ கரைந்தால் 4 ஆண்டு உழைப்பும் கரைந்ததாகவே அர்த்தம். படிப்பை முடித்தவனுக்கோ அடுத்த கதவும் உண்டு. பட்டம் பெற்று, வயது வரம்புக்குள் இருந்தால் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமிகளில் ஒன்று நம் சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது. சிப்பாயாகப் போனவன் அதிகாரியாகத் திரும்பவும் வழி இருக்கிறது.

பட்டாளம் பையனுக்கு நான்கு ஆண்டு சோறு போடும், உடம்பை வளர்க்கும், தொழில் கற்றுக் கொடுக்கும், பணமும் கொடுத்து அனுப்பும். ஐந்தாம் ஆண்டைப் பற்றி யோசிக்க வேண்டியது பையனும் குடும்பமும்தான். அந்த யோசனை இன்றே நடக்கட்டும். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு காகிதம் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போடட்டும். கணக்குச் சரியாக வந்தால், அம்மா தைரியமாகத் திருநீறு பூசி அனுப்பலாம்.